பட்டா இல்லாத மலை

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்று ஒன்று இருக்கும். ஊரின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் அதில் ஒரு வரி. நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். சில வரிகளில் மட்டும் ஆள் பெயர் இராது. ஏரி, மந்தைவெளி, மேய்க்கால், களம், மயானம், பாறை என்று நிலத்தின் பயனே பெயராக நிற்கும். வகைப்பாடு, அரசு புறம்போக்கு. தாம்பரம் மாநகராட்சிக்குள் கிடக்கும் செம்பாக்கம் ஏரியும், அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தேனி மாவட்டம் தேவாரம் பக்கத்துப் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காக ஒதுக்கப்பட்ட சுமார் 27 ஹெக்டேரும் பதிவேட்டின் கண்ணுக்கு ஒரே இனம். ஏரியைத் தேடி ஓர் அறக்கட்டளை வந்தது. மலையைத் தேடி இயற்பியல் வந்தது. ஏரியில் வேலை நடந்தது, மலையில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. முடிவு வேறு வேறாக இருந்தாலும் இரண்டு இடத்திலும் இல்லாமல் போன ஆள் ஒருவர்தான்: 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ சொன்னால் சட்டப்படி செல்லுபடியாகும் ஓர் ஊர். நியூட்ரினோ ஆய்வகம் நின்றுபோனதற்கு அரசியலைச் சொல்வோர் உண்டு, வதந்தியைச் சொல்வோர் உண்டு, புலியைச் சொல்வோரும் உண்டு. எனக்கு அந்த வெற்றுக் கட்டம்தான் கண்ணில் படுகிறது.

மலை எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, நிறை இருந்தும் இல்லாதது போன்ற ஒரு துகள். வுல்ஃப்காங் பாலி 1930-ல் கணக்கு நேராவதற்காக அதைக் கற்பனை செய்தார். 1956-ல்தான் கருவியில் சிக்கியது. சூரியனிலிருந்து வருவது மட்டும், நம் விரல்நகம் அளவு இடத்தில், நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி. அவை உடம்பைத் துளைத்து, பூமியையும் துளைத்து, மறுபக்கம் போய்விடுகின்றன, எதையும் தொடுவதில்லை. தொடாத ஒன்றைப் பிடிப்பதற்குக் கனமான பொறியும் பொறுமையும் வேண்டும். அதைவிட முக்கியமாக, வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் மற்றத் துகள்களின் இரைச்சல் அடங்க வேண்டும். சந்தைக்கடையில் ஊசி விழும் சத்தம் கேட்க வேண்டுமென்றால் முதலில் சந்தையைக் கலைக்க வேண்டுமே. அந்த வேலையைச் செய்வது பாறை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் கெட்டிப் பாறை தலைமேல் இருந்தால் வான்கதிர்த் துகள்கள் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிடும். நியூட்ரினோவுக்கோ மலை ஒரு பொருட்டே இல்லை.

பொட்டிப்புரத்துக்காகத் திட்டமிட்ட பொறி காந்தமேற்றிய 50,000 டன் இரும்பு. இரும்புத் தகடுகளை அடுக்கி, ஒவ்வோர் இடுக்கிலும் கண்ணாடிப் பெட்டிகளைச் சொருகுவது அதன் அமைப்பு. ஒரு பெட்டி என்பது, இரண்டு ஆள் படுக்கும் கட்டில் அளவில், 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் வாயு, குறுக்கே சுமார் பத்தாயிரம் வோல்ட். நியூட்ரினோ ஒன்று எப்போதோ இரும்பில் மோதினால் அதிலிருந்து தெறிக்கும் துகள் இந்த வாயுவில் ஒரு சிறு மின்பொறியைக் கிளப்பிவிட்டுப் போகும். அடுத்தடுத்த பெட்டிகளின் மின்பொறிகளைச் சேர்த்து வரைந்தால் துகள் வந்த பாதை தெரியும். காந்தப்புலத்தில் அது இடப்பக்கம் வளைந்ததா வலப்பக்கமா என்பதைக் கொண்டு, வந்தது நியூட்ரினோவா எதிர் நியூட்ரினோவா என்று பிரித்துவிடலாம். இப்படி ஏறத்தாழ 30,000 பெட்டிகள். மூன்று வகை நியூட்ரினோ நிறைகளில் எது கனம், எது லேசு என்ற வரிசையை அறிவதே முதல் நோக்கம். இதில் கதிர்வீச்சும் இல்லை, அணுக்கழிவும் இல்லை. அந்த விஷயத்தில் எதிர்த்தவர்கள் பரப்பிய பயம் தவறு; அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

இந்தத் துறையில் நாம் புதிதும் அல்ல. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை உலகில் முதன்முதலாகக் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்று 1965-ல் கோலார் தங்கவயலில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களும் சேர்ந்த குழு. (மற்றொன்று தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில்.) கோலாரில் குழி ஏற்கெனவே இருந்தது. தங்கத்துக்காக வெட்டியது, அறிவியல் அங்கே விருந்தாளி. விருந்தாளியிடம் யாரும் பட்டா கேட்பதில்லை. சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தனக்கென்று ஒரு குகை வேண்டும் என்று அறிவியல் கிளம்பியபோதுதான் நிலத்தின் கேள்வி எழுந்தது. முதலில் நீலகிரியில் மசினகுடி பக்கம் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது என்பதால் 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. பிறகு பொட்டிப்புரம் இருக்கும் போடி மேற்கு மலை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதற்குப் பின் நடந்தது பெரும்பாலும் நீதிமன்றக் கதை. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. கேரள எல்லையில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது காரணம். 2018-ல் திட்டத்தைக் 'கட்டட வகை'யில் சேர்த்துச் சிறப்பு நேர்வாக அனுமதி வழங்கினார்கள். இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கமும் சுமார் ஆறு லட்சம் டன் பாறையும் கட்டட வகை! அந்த வகைக்குப் பொதுக் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை என்பதுதான் அதிலுள்ள வசதி. 2022 பிப்ரவரியில், புலிகள் நடமாடும் பாதை என்று சொல்லி, இத்திட்டத்துக்கு இடமில்லை என உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

கவனித்தால் ஒன்று தெரியும். நிலத்தைக் கொடுத்ததும் மாநில அரசு, மறுத்ததும் மாநில அரசு. இரண்டு கோப்பிலும் பொட்டிப்புரத்தின் அம்பரப்பர் மலையடிவாரத்து மக்களுக்குக் கையெழுத்துப் போடக் கட்டமில்லை. 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் சாலை, ஆறு, ஏரி, தனியாருக்குச் சொந்தமில்லாத நிலம் எல்லாம் அரசின் சொத்து என்று அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த நல்ல சட்டங்கள் எல்லாம் இந்த அறிவிப்பின் மேல்தான் கட்டப்பட்டவை. 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க ஆய்வு கேட்கிறது, சில வகைத் திட்டங்களுக்கு உரிமையாளர்களின் சம்மதமும் கேட்கிறது, ஆனால் கையகப்படுத்தினால்தானே? புறம்போக்கு ஏற்கெனவே அரசினுடையது. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நிலமாற்றம் செய்தால் போதும். ஐந்து சென்ட் பட்டா வைத்திருப்பவருக்கு அறிவிப்பு போகும். தலைமுறை தலைமுறையாக அந்தச் சரிவில் மலைமாடு ஓட்டியவருக்கு எந்தத் தபாலும் போகாது. பஞ்சாபின் ஊர்ப் பொதுநிலம் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் பொதுநிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் ஊரின் சம்மதமின்றி அரசே அதை எடுத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி அதில் எழவில்லை.

அறக்கட்டளைகள் இந்தக் கதைக்குள் எங்கே வருகின்றன? தொடக்கத்திலேயே. ஹோமி பாபா 1944 மார்ச்சில் சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்ததுதான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். 1945-ல் பெங்களூரில் தொடங்கி அந்த ஆண்டே பம்பாய்க்கு இடம் மாறியது. கோலாருக்குப் போனதும் அந்த நிறுவனம்தான், பொட்டிப்புரத் திட்டத்தை முன்னின்று நடத்தியதும் அதுதான். ஒரு தர்மக் காசு எவ்வளவு தூரம் முளைவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தியாவில் குறைவு. ஆனால் அறக்கட்டளைக்கு ஒரு பழக்கம் உண்டு. பணம் போகும் இடத்தில் கையெழுத்திடச் சட்டப்படியான ஓர் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் என்ற பழைய தங்கச் சுரங்கம் இருக்கிறது. ரே டேவிஸ் சூரிய நியூட்ரினோவைப் பிடித்து 2002-ல் நோபல் பெறக் காரணமான இடம். சுரங்க நிறுவனம் அதை 2006-ல் மாநிலத்துக்குத் தானமாகக் கொடுத்தது. டென்னி சான்ஃபோர்ட் என்ற செல்வந்தர் 7 கோடி டாலர் தந்தார். இன்று அங்கே உலகின் பெரிய நியூட்ரினோ ஆய்வகங்களில் ஒன்று எழுகிறது. சுரங்கக்காரர் தானம், செல்வந்தர் தானம், எல்லாம் முறைப்படி. அந்தச் சுரங்கம் இருக்கும் கருங்குன்றுகள் (பிளாக் ஹில்ஸ்) மட்டும் 1868 ஒப்பந்தப்படி லக்கோட்டா மக்களுடையவை, 1877-ல் பறிக்கப்பட்டவை. பறித்தது தவறு என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்து, பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. அந்தப் பணத்தை அவர்கள் இன்றுவரை தொடவில்லை. நிலம்தான் வேண்டும் என்கிறார்கள். வட்டியோடு அது நூறு கோடி டாலரைத் தாண்டிக் கருவூலத்தில் கிடக்கிறது.

செம்பாக்கத்துக்குத் திரும்புவோம். சுமார் நூறு ஏக்கர் ஏரி. மேலேயுள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கே வரும். இங்கிருந்து கலங்கல் வழியாக நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும். வயல்கள் மனைகளானதும் மதகு வழியே போக வேண்டிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று, வரத்துக்கால் வழியே வந்தது சாக்கடை, மேலே ஆகாயத்தாமரை. அந்த நிலையில் தி நேச்சர் கன்சர்வன்சி அமைப்பும், சென்னையின் கேர் எர்த் டிரஸ்டும், சென்னை ஐஐடியும் சேர்ந்து நன்கொடைப் பணத்தில் ஏரியைச் சீரமைக்க இறங்கின. அது நல்ல காரியம். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிய பிறகு, மேலேயுள்ள ஏரிகள் சுத்தமாக இல்லாமல் கீழே சதுப்பைக் காப்பாற்ற முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கேள்வி வேலையைப் பற்றியதல்ல; வேலை முடிந்த பிறகு ஏரி யார் கையில் என்பது. திட்டம் என்றால் அதற்கு ஆண்டுக் கணக்கு உண்டு, முடிவு அறிக்கை உண்டு. ஆகாயத்தாமரைக்கு அறிக்கை படிக்கத் தெரியாது; இரண்டு மழைக்காலம் போதும், திரும்ப வந்துவிடும்.

இந்த மண்ணில் ஏரிக்கு அறக்கட்டளை என்பது ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்தது. கல்வெட்டுகளில் 'ஏரிப்பட்டி' என்று ஒரு சொல் வரும். ஏரியின் பராமரிப்புக்கென்று ஒருவர் நிலத்தை விட்டுக்கொடுப்பார்; அதன் விளைச்சலிலிருந்து ஆண்டுதோறும் தூர்வாருதலும் கரை கட்டுதலும் நடக்கும். அதை நிர்வகிக்க ஊர்ச்சபையின் ஏரி வாரியம்; பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு அந்த வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறையையே விரித்துச் சொல்கிறது. கொடையாளர் போய்விட்டாலும் கொடை ஏரியோடு இருந்தது. இன்றைய சட்டத்தில் இதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாயல், 2000-ம் ஆண்டின் பாசன முறைகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டத்தின் கீழ் வரும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம். அதில் உறுப்பினராக ஆயக்கட்டு நிலம் இருக்க வேண்டும். செம்பாக்கத்தில் ஆயக்கட்டு எங்கே? திருமலை நகரும் அடுக்கங்களுமாக நிற்கிறது. ஏரியைச் சுற்றி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெருகின. ஏரிக்குச் சட்டம் தந்திருந்த ஊர் காணாமல் போனது.

ஊர்ச்சபையை இப்படிப் பெருமையாகச் சொல்லும்போது வரும் ஆட்சேபம் மிகக் கடுமையானது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஊர் என்றால் யார்? உத்திரமேரூர்க் குடவோலையில் நிலமில்லாதவர் பெயர் விழாது. அதைவிடப் பக்கத்து உதாரணம், செம்பாக்கம் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தினுடையது. இங்கே ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதாரர்கள் ஊரின் தரிசு நிலத்தின் மீது தங்களுக்குக் கூட்டுரிமை உண்டென்று சொல்லி, உழைக்கும் மக்கள் ஒரு காணித் தரிசைக்கூட வாங்கவிடாமல் எப்படித் தடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது அந்த அறிக்கையின் பின்னால்தான். ஆக, 'ஊர்ப் பொது' என்ற பேச்சே சிலரை வெளியே நிறுத்தும் வேலியாக இருந்த மாவட்டம் இது. அரசு உரிமை கொண்டாடியதால்தான் அந்த வேலி கொஞ்சமாவது பிரிந்தது என்று ஒருவர் வாதிட்டால் அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த அரசு உரிமை பஞ்சமி நிலத்தைக் காப்பாற்றவும் இல்லை, பெரும்பகுதி கைமாறிவிட்டது. பழைய மிராசை மீட்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நிலம் வைத்திருப்பதால் வரும் உரிமையை விட்டுவிட்டு, வாக்காளர் பட்டியலில் இருப்பதால் வரும் உரிமையாக, பட்டியல் சமூகத்தினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீட்டோடு, ரகசிய வாக்கெடுப்போடு வைத்தால் அது வேறு நிறுவனம். ஏரிக்கரையில் குடிசை போட்டவர்களுக்கும் அதில் வாக்கு உண்டு என்பதால், 'ஏரி மீட்பு' என்றாலே முதலில் அவர்கள் வீட்டை இடிப்பது என்ற வழக்கமும் அங்கே வாதத்துக்கு வரும்.

இரண்டாவது ஆட்சேபம் விஞ்ஞானிகளுடையது: ஊரைக் கேட்டால் ஊர் மறுக்கும், நாட்டின் ஆராய்ச்சி நின்றுபோகும். ஒடிசாவின் நியாம்கிரியில் 2013-ல் பன்னிரண்டு கிராம சபைகளைக் கேட்டார்கள், பன்னிரண்டும் மறுத்தன என்பார்கள். அது பாக்சைட் சுரங்கம். மறுக்கக் காரணம் இருந்தது. சம்மதித்த ஊருக்கும் உதாரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடகோடியில் மெல்நெஸ் என்ற இடத்தில் சிறு குடியானவர்கள் கூட்டாக நிலம் வைத்திருக்கிறார்கள். ராக்கெட் ஏவுதளம் அமைக்க நிலம் கேட்டபோது வாக்கெடுத்து, பெரும்பான்மையில் குத்தகைக்கு ஒப்புக்கொண்டார்கள். எதிர்த்து வழக்குப் போட்டவர் பக்கத்தில் பெரும் எஸ்டேட் வைத்திருந்த கோடீஸ்வரர். கடைசியில் 2024-ல் திட்டத்தை ஒத்திப்போட்டது ராக்கெட் நிறுவனம்தான், குடியானவர்கள் அல்ல. ஹவாயின் மௌனா கியா மலையில் நடந்ததும் யோசிக்கத்தக்கது. பூர்வகுடிகளின் புனித மலை. 1968-ல் பல்கலைக்கழகத்துக்கு 65 ஆண்டுக் குத்தகை. பிறகு மூர் அறக்கட்டளையின் பெரும் நிதியோடு முப்பது மீட்டர் தொலைநோக்கி வர இருந்தது. 2019-ல் மக்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 2022-ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டு, மலையை நிர்வகிக்கத் தனி ஆணையம் அமைத்தது. பூர்வகுடி வழித்தோன்றலுக்கும் அவர்களின் மரபைக் காப்பவருக்கும் அதில் இடம், தொலைநோக்கிகளின் பிரதிநிதிக்கும் ஓர் இடம். ஐம்பது ஆண்டு தாமதமாக நடந்த காரியம்தான்.

வதந்தி விஷயத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. பொட்டிப்புரத்தில் அறிவியல் தெரியாத மக்களை யாரோ பயமுறுத்திவிட்டார்கள் என்று ஆய்வகத்தை ஆதரித்தவர்கள் இன்றும் வருத்தப்படுகிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் விளக்கக் கூட்டங்கள் போட்டார்கள். விஞ்ஞானிகளும் ஊர் ஊராகப் போனார்கள். அந்த உழைப்பு பொய்யல்ல. ஆனால் முடிவெடுக்கும் உரிமை உள்ளவன் விளக்கம் கேட்பது ஒரு மாதிரி, உரிமையே இல்லாதவன் கேட்பது வேறு மாதிரி. வீட்டுமனை வாங்குபவர் வில்லங்கச் சான்றைத் திருப்பித் திருப்பிப் படிப்பார், கையெழுத்து அவருடையது என்பதால். கையெழுத்து இல்லாதவருக்கு எத்தனை டன் இரும்பு, எத்தனை வோல்ட் என்ற விவரம் எதற்கு? தடுக்க நினைத்தால் அவரிடம் இருப்பது பயம் ஒன்றுதான். பெரிய பயமாக இருந்தால் பெரிய கூட்டம் சேரும். பணம் தருவதில் அணுசக்தித் துறையும் ஒன்று என்பதால் அந்தப் பயத்துக்குத் தீனியும் கிடைத்தது. தண்ணீர் எங்கிருந்து, லாரி எந்தச் சாலையில், மேய்ச்சல் தடம் எதுவரை, வேலை யாருக்கு என்று ஓர் ஒப்பந்தமாக எழுதிக் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் எல்லாம் கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டன. விஞ்ஞானிகளுக்கும் இதில் நட்டம்தான். ஊரோடு எழுதிய ஒப்பந்தம் கையில் இருந்திருந்தால் ஆட்சி மாறியதும் நிலம் கைநழுவியிருக்காது. மதுரையில் அந்தப் பொறியின் சிறிய மாதிரி ஒன்று 85 டன்னில் 2018 முதல் இயங்குகிறது; அதே நிறை வரிசையைத் தேடிச் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவெடுக்கத் தொடங்கிவிட்டது.

இதையெல்லாம் செய்யப் புதிதாகச் சட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் சமூக உரிமையை ஏற்கிறது. ஊராட்சிச் சட்டம் மேய்க்கால், களம் போன்ற சில புறம்போக்குகளை ஊராட்சியிடம் ஒப்படைக்கவும் செய்கிறது. நகரத்துக்கு 2022-ல் பகுதி சபை வந்தது. அந்த நவம்பர் 1-ம் தேதி முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் நடந்தது இதே தாம்பரம் மாநகராட்சியில், பம்மலில். செம்பாக்கத்து வார்டுகளிலும் அந்தச் சபை கூடலாம். தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் பற்றித் தீர்மானம் போடலாம். ஏரியைப் பற்றியும் பேசலாம்தான். ஆனால் ஏரி மாநகராட்சியினுடையது அல்ல, நீர்வளத் துறையினுடையது. ஆகவே தீர்மானம் மனுவாகித் துறைக்குப் போகும், துறை அதைப் பெற்றுக்கொண்டதாக ரசீது தரும். அடுத்த அறக்கட்டளை வரும்போதும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போவது அந்தத் துறையின் செயற்பொறியாளர்தான்.